பொட்டுக் காற்று நுழையாத வீடு

மின்சாரம் போய்விட்டிருந்தது. பரணில் இருந்த குளிர் இயந்திரம் கடைசியாக ஒருமுறை உறுமி அடங்கியது. கூடத்து மின்விசிறியும் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. அவள் தையல் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தபோது, சுவரின் உச்சியில் குளிர் காற்று வரும் சல்லடையில், காற்று வருகிறதா என்று பார்க்கக் கட்டியிருந்த சிவப்பு நூல் மட்டும் நிற்காமல் இருந்தது.

ஆடியது என்று சொல்ல முடியாது. கூடத்தை நோக்கி மெல்ல நீண்டது, கொஞ்சம் அப்படியே நின்றது, பிறகு சல்லடையின் ஓட்டைக்குள் பாதி நுழைந்து போயிற்று. மறுபடி வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. காற்றடிக்கிறது என்று நினைத்து அவள் ஊசியில் நூல் கோர்க்கக் குனிந்தாள். குனிந்த பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் ஏது காற்று?

அவள் கணவன் குளிர்கிடங்குகளுக்குச் சுவரும் கதவும் பொருத்துகிறவன். இறைச்சி, மீன், ஆப்பிள் என்று எதை அடைத்து வைப்பதானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இடுக்கு என்றால் அவனுக்கு ஜென்மப் பகை. கதவைப் பொருத்தி முடித்ததும் ஒரு துண்டு நூலைப் பிடித்துக்கொண்டு கதவின் ஓரமெல்லாம் மெதுவாக நகர்வான். நூல் துளி அசைந்தாலும் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி பூசுவான். அசையாவிட்டால்தான் சாப்பிடவே உட்காருவான். அந்த நூலும் அவளுடைய தையல் டப்பாவிலிருந்து எடுத்துப் போனதுதான்.

வீட்டை அடைத்ததற்குக் காரணம் புறா. மகளுக்கு அப்படிப் பெயர் வைத்தது அவள் அக்கா. கைக்குழந்தையாக இருந்தபோதே நெஞ்சுக்குள் புறா முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். தூசு பட்டால் அந்தச் சத்தம் விசிலாகும், விசில் முற்றினால் உதடு கறுக்கும், அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த நிலையில் வாசல் சாலையைத் தோண்டிப் போட்டார்கள். தூசு உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எல்லா அப்பாக்களிடமும் சொல்கிற பேச்சுதான். ஆனால் இந்த அப்பா அதை வேலையாக எடுத்துக்கொண்டான்.

ஜன்னல்களின் விளிம்பெல்லாம் சிலிக்கான் பசை பூசினான். வாசல் கதவுக்குக் குளிர்கிடங்குக் கதவுக்குப் போடுகிற தடித்த ரப்பர் ஒட்டினான். சமையலறையில் புகை போகிற மின்விசிறியைக் கழற்றி அந்த ஓட்டையில் தகடு அறைந்தான். குளியலறையின் மேல் ஜன்னலுக்குள் ஃபோமைப் பீச்சினான். அது நுரையாகப் பொங்கி, பழுப்பாக இறுகிப் போயிற்று. தீ காற்றைத் தின்னும் என்று கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வாங்கி வைத்தான். அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்தவன்தான். பரணில் இயந்திரத்தை வைத்து, அதிலிருந்து ஒரு பெரிய தகரக் குழாயைக் கூடம், படுக்கையறை, புறாவின் அறை என்று வரிசையாகக் கொண்டுபோனான். குழாயின் கடைசி முனை புறாவின் அறையில் வெளிச்சுவரைத் தொட்டு நிற்கும். அங்கே சுவரை உடைத்து, வடிகட்டி வைத்து, வெளியிலிருந்து நல்ல காற்றை இழுக்க வேண்டும் என்பதுதான் அவன் போட்ட திட்டம். இயந்திரம் இருக்கிற காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் சாலையில் தூசு பறந்துகொண்டிருந்தது. அப்புறம் உடைத்துக்கொள்ளலாம் என்று அந்த முனையிலும் ஃபோமைப் பீச்சி மூடினான்.

அந்த அப்புறம் வரவே இல்லை. ஏனென்றால் புறாவுக்குச் சரியாகிவிட்டது.

விசில் நின்றது. முனகல் நின்றது. ராத்திரி முழுவதும் பிள்ளை சத்தமே இல்லாமல் தூங்கினாள். அவள் கணவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுததை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டைப் பற்றி யார் என்ன குறை சொல்ல முடியும்? ஜன்னலைத் திறக்கலாமா என்று வாயெடுத்தாலே பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறோம் என்று தோன்றியது.

ஆனால் வீடு நாறியது.

முதலில் அவள் தன் வாய்தான் என்று நினைத்தாள். காலையில் எழுந்ததும் அடிநாக்கில் வழவழப்பாக ஒன்று படிந்திருக்கும். நாக்கை ரத்தம் வருமளவுக்கு வழித்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். பிறகு சாக்கடைக் குழாயோ என்று வாளி வாளியாகக் கொதிநீர் ஊற்றினாள். அதுவும் இல்லை. அது எப்போதும் வெதுவெதுப்பான ஒரு நாற்றம். தூங்கி எழுந்த வாய், சொத்தைப் பல், ஊறிப்போன பழைய சோறு எல்லாம் கலந்த நாற்றம். இயந்திரம் ஜில்லென்று காற்றை ஊதும்போதுகூட, அந்தக் குளிருக்கு நடுவில் அது மட்டும் சூடாக வந்து முகத்தில் படும். துண்டுகள் காயவில்லை. சுவர்கள் வியர்த்தன. தைப்பதற்காக அலமாரியில் அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைத் துணிகளில் கரும்புள்ளி விழுந்தது. தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் விளிம்பில் யாரோ வாய் வைத்துக் குடித்த மாதிரி ஒரு பிசுபிசுப்பு ஏறியிருந்தது. அவள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

கணவனிடம் சொன்னபோது அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பசையும் அமோனியாவும் முகர்ந்து முகர்ந்து அவன் மூக்கு எப்போதோ செத்துப் போயிருந்தது. ஈரம்தான், இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் போய்விடும் என்றான். கூட்டினான். நாற்றமும் கூடியது.

இத்தனை நாள் அவள் அதை ஈரம் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது மின்சாரம் இல்லாத அந்த மத்தியானத்தில், நூல் நீண்டு, நின்று, உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே அவள் மூக்கை உறிஞ்சினாள். நூல் கூடத்தை நோக்கி நீளும்போதெல்லாம் நாற்றம் வந்தது. உள்ளே போகும்போதெல்லாம் நின்றது.

மறுநாள் கணவன் வெளியூரில் ஒரு மீன் கிடங்கு வேலைக்குக் கிளம்பினான். அவன் போன பிறகு அக்கா வந்தாள்.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவின் ரப்பர் பிரியும்போது சப்பென்று ஒரு சத்தம் வரும், அதோடு உள்காற்று வெளியே வந்து முகத்தில் அடிக்கும். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது? பல்லு தேய்க்காதவன் வாய்க்குள்ள நுழையற மாதிரி இருக்கு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானத்தால் அல்ல, சந்தோஷத்தால். இன்னொரு மூக்கு சொல்லிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். ஜன்னல் கொண்டியை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. உன் புருஷனுக்குப் பித்து பிடித்துவிட்டதா என்று திட்டினாள். கிடங்குக்குள் வைப்பதெல்லாம் மூச்சு விடாத சாமான், நாம் என்ன தோலுரித்த ஆடா, மாட்டி வைத்துப் பூட்டுவதற்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தவள், நாற்றம் வாய்க்குள் போயிருக்க வேண்டும், சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

புறா தன் அறையில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. அக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய வழக்கப்படி முதுகில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு முன்பக்கம் திருப்பி நெஞ்சில் கையை வைத்தாள். அக்காவின் முகம் மாறியது.

"இவ மூச்சு விடறதே தெரியலையேடி."

சத்தம் நின்றுவிட்டது, அதற்குத்தானே எல்லாரும் ஆசைப்பட்டோம் என்றாள் அவள். அக்கா எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். பிள்ளையை இரண்டு நாள் தன் வீட்டில் கொண்டுவந்து விடு, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவசரமாக எழுந்தாள். அக்கா படியிறங்குகிற சத்தமும், பாதிப் படியில் நின்று ஓங்கரிக்கிற சத்தமும் கதவு சப்பென்று ஒட்டிக்கொள்ளும் வரை கேட்டன.

அவள் திரும்பிப் புறாவின் அறையைப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே, குழாயின் கடைசி முனை. சின்னதாக ஒரு தகர மூடி, நான்கு திருகாணி. நாற்றத்தின் ஊற்றுக்கண் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எலி ஏதாவது செத்துக் கிடக்கலாம். ஃபோம் ஈரத்தில் அழுகியிருக்கலாம். எதுவானாலும் கையால் எடுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. இதற்குப் போய் இத்தனை பயமா என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு, பிள்ளையைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மெஷின் டப்பாவிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினாள்.

மூடி பிரிந்ததும் அந்த வெதுவெதுப்பு அவள் முகம் முழுவதையும் நனைத்தது. உள்ளே கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். குழாயின் சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படலம் பூத்திருந்தது. அவளுடைய துணித் துணுக்குகள், நூல் பிசிறுகள், தோல் உதிர்ந்த பொடி எல்லாம் அதில் ஊறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே முடி. புறாவின் முடி, அவளுடைய நீள முடி, கணவனின் நரைத்த குட்டை முடி. நனைந்த முடிகள் எல்லாம் ஒரே திசையில், யாரோ உட்கார்ந்து சீவிவிட்ட மாதிரி, உள்நோக்கிப் படிந்திருந்தன. விரலால் தொட்டாள். படலம் விரலோடு வந்தது. இழுத்தபோது எச்சில் மாதிரி கம்பியாக நீண்டு, அறுந்து, மணிக்கட்டில் விழுந்தது.

 அதைப் புடவையில் துடைத்தாள். ஒரு முழத்தில் ஃபோம் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் சுவர். அவ்வளவுதான் கணக்கு. கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. கன்னம் தகரத்தில் அழுந்தும் வரை போன பிறகு விரல்நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. கரடுமுரடாக, காய்ந்து, கடினமாக இருக்க வேண்டிய ஃபோம் அது. மெத்தென்று இருந்தது. ஈரமாக இருந்தது. சூடாக இருந்தது.

அழுத்தினாள். அது வழிவிட்டது. விரல்கள் உள்ளே போயின. போன விரல்களைச் சுற்றி அது மெல்ல மூடிக்கொண்டது. வலிக்கவில்லை. கைக்குழந்தை விரலைப் பிடித்துச் சூப்புகிற மாதிரி, ஒருமுறை, இன்னொருமுறை, சூப்பியது.

அவள் கத்தவில்லை. கத்த வாயைத் திறந்தால் அந்தக் காற்றை உள்ளே வாங்க வேண்டும். கையைப் பிடுங்கினாள். முக்காலியோடு சரிந்து விழுந்தாள். எழுந்து மூடியைத் திருகியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. குளியலறையில் சோப்பாலும் பாத்திரம் தேய்க்கிற கம்பியாலும் கையைத் தோல் சிவக்கச் சுரண்டினாள். விரல்நுனிகள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறினாற்போல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. முகர்ந்து பார்த்தாள். போகவில்லை. வாந்தி எடுத்தாள். வாந்தியின் நாற்றம் அதைவிடச் சுத்தமாக இருந்தது.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பையில் இரண்டு துணி, பிள்ளையின் மருந்து, மூச்சுக்கு உறிஞ்சுகிற குழல். கதவைத் திறந்து, புறாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியே வந்தாள். படிக்கட்டின் ஜன்னலிலிருந்து வெயிலும், ஈரமண் வாசனையும், யார் வீட்டிலோ வெங்காயம் வதங்குகிற மணமும் வந்தன. அவள் ஆசை ஆசையாக இழுத்தாள். முதல் திருப்பம் வரை பிள்ளை நன்றாகத்தான் இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

விசில் இல்லை. இருமல் இல்லை. வாய் திறந்திருந்தது. தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் வாயைத் திறக்கிற மாதிரி திறந்து திறந்து மூடினாள். உதடு கறுத்தது. அவள் உறிஞ்சுகிற குழலைப் பிள்ளையின் வாயில் வைத்து அழுத்தினாள், மருந்து வாயின் ஓரத்தில் வெள்ளையாக வழிந்தது. உள்ளே போகவில்லை. இழுக்க அங்கே மூச்சு இல்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஓட எண்ணியபோதுதான் அவளுக்கும் கண் இருண்டது. நல்ல காற்று உள்ளே போகிறது, நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்காத மாதிரி இருந்தது. இன்னும் ஒரு படி இறங்கினால் இருவரும் அங்கேயே விழுந்துவிடுவார்கள் என்று உடம்புக்குத் தெரிந்தது. கால்கள் தாமாகத் திரும்பின.

முழங்காலால் படியேறினாள். கதவு சப்பென்று திறந்தது. அந்த நாற்றம் வந்து முகத்தில் அடித்தது. அவள் அதை வாய் நிறைய விழுங்கினாள். புறாவின் உதட்டில் ரத்தம் ஏறியது. பிள்ளை கண்ணைத் திறந்து, அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அந்த நாற்றம் இனித்தது. ஒரு நொடிதான், ஆனால் இனித்தது. அதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கணவனுக்குப் போன் செய்தாள். தூசுதான், வெளியே கூட்டிக்கொண்டு போகாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று திட்டுவான் என எதிர்பார்த்தாள். திட்டட்டும். திட்டினால் இது வெறும் தூசாக இருக்கும். அவன் திட்டவில்லை. நீண்ட நேரம் போனில் இரைப்பு மட்டும் கேட்டது.

"அங்க போனதுல இருந்து எனக்கும் மூச்சு சரியா வரலம்மா. ஏதோ ஒண்ணு குறையுது. வேலைய விட்டுட்டுப் பாதி வழி வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா சரியாயிடும்."

"வீட்டுலதாங்க ஏதோ இருக்கு."

"ஜன்னலத் திறந்துடாத" என்றான் அவன். போன் வைக்கப்பட்டது.

ஜன்னல். அவள் மெஷின் மேல் கிடந்த வெட்டுக் கத்தியை எடுத்தாள். ஒரேயடியாக வெளியே போனால்தான் உடம்பு தாங்கவில்லை. இங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றை விட்டால்? நாள்பட்ட பட்டினிக்காரனுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பழக்குவது போல? அவ்வளவு தெளிவாக யோசிக்க முடிந்ததே அவளுக்குத் தைரியம் தந்தது. புறாவைக் கட்டிலில் படுக்க வைத்தாள். களைத்துப்போன பிள்ளை உடனே கண்ணயர்ந்தாள். கட்டிலுக்கு மேலே புறாவின் அறைச் சல்லடை, அதிலும் ஒரு சிவப்பு நூல். நீண்டது. நின்றது. உள்ளே போயிற்று. மூடிய குழாய்க்குள்ளிருந்து, வெகு தூரத்திலிருந்து வருவது போல, ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது கத்தியின் பிடி வியர்வையில் வழுக்கியது.

புறா முனகுகிற சத்தம். பிறந்த நாளிலிருந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் கேட்ட அதே சத்தம். அது எங்கும் போய்விடவில்லை. சுவருக்குள் இருந்தது.

அவள் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். சிலிக்கானில் கத்தியைச் செருகி இழுத்தாள். வெட்டிய இடம் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. மஞ்சளாகத் தண்ணீர் கசிந்து அவள் விரலில் வழிந்தது. நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அறுத்தாள். ஒரு சாண் அறுத்ததும் கொண்டி அசைந்தது. கதவை விரலளவு தள்ளினாள். வெளிக்காற்று கீற்றாக உள்ளே வந்தது. மண் வாசனை. வெயில் வாசனை. வாகனங்களின் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அசையவில்லை.

புறாவின் நெஞ்சும் அசையவில்லை.

அவள் காத்திருந்தாள். பழகட்டும். கொஞ்சம் பழகட்டும். பிள்ளையின் நகக்கண் கறுத்தது. உதடு கறுத்தது. கண்ணிமை பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. அவள் தன் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து ஊதினாள். காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்ணிலும் ஓரங்கள் இருண்டுகொண்டு வந்தன.

ஜன்னலை அறைந்து சாத்தினாள். அறுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். போதவில்லை, விரலிடுக்கில் காற்று நுழைந்தது. புடவையைச் சுருட்டி அடைத்தாள். போதவில்லை. சமையலறைக்கு ஓடினாள். தொட்டிக்குக் கீழே கணவனின் ஃபோம் டப்பா இருந்தது. குலுக்கினாள்.  இடுக்கில் குழலை வைத்து அழுத்தினாள். நுரை பொங்கி வந்தது. விரலால் வழித்து, மெழுகி, இன்னும் பீச்சி, ஒரு ஊசிக்கண் இடம்கூட விடாமல் அடைத்தாள். அடைத்துக்கொண்டே, போதுமா, போதுமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

நூல் அசைந்தது.

நீண்டது. சூடாக, பிசுபிசுப்பாக, ஊறிப்போன அந்த மூச்சு அறைக்குள் இறங்கியது. கட்டிலில் பிள்ளையின் நெஞ்சு அதோடு சேர்ந்து எழும்பியது. நூல் உள்ளே போனது, நெஞ்சு தாழ்ந்தது. அவள் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கையில் ஒட்டிய நுரையைத் துடைக்கவும் தோன்றவில்லை. தன் நெஞ்சைப் பார்த்தாள். நூல் நீண்டபோது அது எழும்பியது.

சாயங்காலம் கணவன் வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் சாம்பலாக, வாசலில் தள்ளாடி நின்றவன் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நிமிர்ந்தான். ஆழமாக ஒருமுறை இழுத்தான்.

"அப்பாடா" என்றான்.

புது ஃபோமைப் பார்த்தான்.  பையிலிருந்து துண்டு நூலை எடுத்து அந்த இடத்தில் மேலும் கீழும் மெதுவாக நகர்த்தினான். அசையவில்லை. வேலை சுத்தம் என்று தலையாட்டிவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மூன்று பேரும் சல்லடையைப் பார்த்தபடி இருந்தார்கள். சிவப்பு நூல் நீண்டது, நெஞ்சுகள் மூன்றும் எழும்பின. உள்ளே போனது, மூன்றும் தாழ்ந்தன. நீண்டது. உள்ளே போனது. இப்படியே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளை இருக்கிறாளே, அது போதும். நாற்றம் பழகிவிடும்.

நூல் மறுபடி உள்ளே போயிற்று. இந்தத் தடவை பாதியோடு நிற்கவில்லை. முழுவதும் போயிற்று. முடிச்சு மட்டும் சல்லடையில் தெரிந்தது.

வெளியே வரவில்லை.

கணவனின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. சுவருக்குள் எச்சில் விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. புறா கண்ணைத் திறந்து, சல்லடையைப் பார்த்து, வாயைத் திறந்தாள். கணவன் திறந்தான். அவளும் திறந்தாள். எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக, நாக்கை நீட்டி, அந்த நாற்றத்துக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள்.